நான் சேர்த்து எழுதிய ஐந்து கரிநாள்கள்

அந்தத் தாள் மேசையைவிட நீளம். மேசையின் இரு பக்கமும் தொங்கும். கூரையில் தொங்கும் துணிப் பங்கா இழுபடும்போதெல்லாம் அதன் ஓரங்கள் படபடக்கும். மேசையின் நான்கு மூலைகளிலும் நான்கு தண்டவாள ஆணிகளை வைத்து அதை அடக்குவேன். மேலே இடமிருந்து வலமாக நாட்கள், ஓரத்தில் மேலிருந்து கீழாக வேலைகள், நடுவே கட்டம் கட்டமாக வெறுமை. அந்த வெறுமையில் பென்சிலால் கோடு இழுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இன்று ஐம்பதை நெருங்குகிறேன். எத்தனையோ தாள்களில் கோடு இழுத்தாயிற்று. கண்ணை மூடினால் அந்த ஒரு தாள்தான் விரிகிறது. ஐரோப்பாவில் பெரிய யுத்தம் மூளுவதற்குச் சற்று முந்திய காலம் அது. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில், ரயில்வேயின் வேலைப் பகுதி ஆபீஸில் நான் ஒரு கிராணி, அதாவது குமாஸ்தா. கிள்ளானுக்குப் போகும் பாதையில், பெட்டாலிங்கைத் தாண்டியதும் ஒரு சுங்கை குறுக்கே ஓடும். பெரிய ஆறு ஒன்றுமில்லை. வெயில் நாளில் முழங்கால் நனையும். மழை நாளில் எருமையைப் புரட்டும். அதன்மேல் இருந்த மரப்பாலம் உளுத்துவிட்டது. அதை எடுத்துவிட்டு இரும்புக் கர்டர் வைக்க வேண்டும். அந்த வேலைக்கான தாள் அது.

எது முன், எது பின் என்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தூண் எழும்பாமல் கர்டர் ஏறாது. சாரம் கட்டாமல் தூண் எழும்பாது. மரம் வந்து இறங்காமல் சாரம் இல்லை. எவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன, எவை பக்கம் பக்கமாகத் தனித்து நடக்கலாம் என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, காத்திருப்பதை எழுதக் கற்றுக்கொள்வது. தூணுக்குச் சாந்து பூசிய பிறகு அது இறுகப் பத்து நாள் வேண்டும். அந்தப் பத்து நாளும் ஓர் ஆளும் அங்கே நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் அதற்கு ஒரு கோடு உண்டு. சும்மா இருக்கும் நாளையும் வேலையாக எழுத வேண்டும் என்று தெரிந்தபோது எனக்குள் என்னவோ சிலிர்த்தது. அந்த வயதில் எதற்கெடுத்தாலும் சிலிர்க்கும்.

கடைசியில் மூன்று கட்டங்களைச் சிவப்புப் பென்சிலால் அடைத்திருந்தேன். பாதையை மூடும் மூன்று நாள். அந்த மூன்று நாளில் கிள்ளானுக்கு ரயில் கிடையாது. பழைய மரத்தைப் பிடுங்கி, கர்டரைத் தள்ளி உட்கார வைத்து, தண்டவாளம் பூட்டி, நாலாம் நாள் காலை முதல் வண்டியை விட வேண்டும்.

கிள்ளானில் என் மனைவி இருந்தாள். எட்டு மாதம்.

அவள் அங்கே தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். அதற்கு முந்திய வருஷம் எங்களுக்கு ஒரு குழந்தை உண்டாகி, குறுக்கே கிடந்து, இரண்டு நாள் அவளை வதைத்து, மூச்சில்லாமல் வெளியே வந்தது. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். இந்த முறை அவர் என் மனைவியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இதுவும் குறுக்கே திரும்பக்கூடும், வலி எடுத்தபின் கொண்டுவந்தால் நான் பொறுப்பில்லை, நாளுக்கு இரண்டு வாரம் முந்தியே இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். நாள் கார்த்திகை இருபத்தாறு வாக்கில். ஆக, கார்த்திகை பன்னிரண்டுக்குள் அவள் பிரிக்பீல்ட்ஸில் இருக்க வேண்டும். அப்போது நான் மூன்று கிராணிகளோடு ஓர் அறையில் படுத்திருந்தேன். கார்த்திகை பத்தாம் தேதி காலை ரயில் கார்டு ஒருவரின் குடும்பம் மாற்றலாகிப் போகிறது, அந்தக் குவாட்டர்ஸ் உனக்கு என்று சொல்லியிருந்தார்கள். ரயில்வே தாள்களில் இங்கிலீஷ் தேதி. என் நினைவில் எல்லாமே தமிழ்த் தேதி. பஞ்சாங்கம் பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டது.

பஞ்சாங்கத்தைப் பார்க்கத் தொடங்கியது பக்தியால் அல்ல. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் துரை நல்ல மனிதர். ஆனால் தாளில் ஒரு நாள் சும்மா கிடப்பதைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். பத்து நாள் என்று எழுதிக்கொண்டு போனால் எட்டாக்குவார். மழைக்கென்று நாலு நாள் விட்டால், மழை பெய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அடித்துவிடுவார். வேலை என்று எழுதினால் குறைப்பார்; ஓய்வு என்று எழுதினால் அழிப்பார். அழிக்கவே முடியாத நாள் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. முதல் தூணுக்குக் கடைக்கால் தோண்டிய அன்று தேங்காய் உடைக்காமல் மண்வெட்டியைத் தொட மாட்டோம் என்று ஆட்கள் நின்றுவிட்டார்கள். துரை அதைப் பார்த்தார், மறுபேச்சுப் பேசாமல் தேங்காய்க்கு ஆள் அனுப்பினார். அன்று சாயங்காலம் எனக்கு வழி கிடைத்தது.

பஞ்சாங்கத்தில் மாதத்துக்கு இரண்டு மூன்று கரிநாள் உண்டு. நல்ல காரியம் எதுவும் அன்று தொடங்க மாட்டார்கள், அவ்வளவுதான். கூலிக்குப் போகிறவன் கரிநாள் பார்த்து வீட்டில் உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் துரையிடம், பாரம் தூக்கும் வேலையைக் கரிநாளில் எங்கள் ஆட்கள் தொடவே மாட்டார்கள் என்றேன். அவர் எத்தனை நாள் என்று கேட்டார். உண்மையான கரிநாள்களை எழுதி, கூடவே ஐந்து நாள்களை என் இஷ்டத்துக்குச் சேர்த்தேன். ஐப்பசியில் இரண்டு வர வேண்டிய இடத்தில் ஏழு. துரை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, உங்கள் கடவுள்களுக்கு இந்த நாட்டு மழையைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து நாள். யாருக்கும் தெரியாமல் தாளுக்குள் நான் ஒளித்து வைத்த ஐந்து நாள். அது இருந்தபடியே இருந்தால் பாதை மூடும் மூன்று நாள் ஐப்பசி இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. நடுவில் எது பிசகினாலும் அந்த ஐந்தைக் கொடுத்துச் சமாளிக்கலாம். கார்த்திகை பிறக்கும்போது பாலம் திறந்து, அவள் பகல் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்துவிடுவாள். கணக்கு அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே அதை நான் வேறெங்கும் எழுதி வைக்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் மண்டோர். ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், தஞ்சாவூர்ப் பக்கம். வெற்றிலைப் பெட்டியோடு பஞ்சாங்கமும் வைத்திருந்தவர். ஒரு நாள் சுங்கைக் கரையில் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"கிராணி ஐயா, வர்ற புதன்கிழமை கரிநாளாமே?"

ஆமாம் என்றேன்.

"எந்த ஊரு பஞ்சாங்கத்துல?"

நான் தண்ணீரைப் பார்த்தேன். அவர் பாக்கை அதக்கிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு; தோள் மட்டும் குலுங்கியது. "எனக்கும் அறுபது வயசு வரைக்கும் இந்த மாதிரி ஒரு கிராணி கிடைச்சா நல்லாருக்கும். பயப்படாதீங்க, நான் தொரைகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா தீவாளிக்கு ஆளுங்க ரெண்டு நாள் கூடக் கேக்கறானுங்க. உங்க கரிநாள்ல ரெண்டை இங்கிட்டுத் தள்ளுங்களேன்."

தள்ளினேன். மனமில்லாமல் அல்ல. ஆட்கள் ஏழு மாதமாகச் சேற்றில் நிற்கிறவர்கள். கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் தம்பிகளைப் பார்த்து வர ஆசைப்பட்டார்கள். ஐந்தில் இரண்டு போயிற்று. மீதி மூன்று போதும் என்று நினைத்தேன்.

மூன்றாவது நாளைத் துறைமுகம் தின்றது. கர்டர்கள் கப்பலிலிருந்து இறங்கின. அவற்றை ஏற்றிவரும் ரயில் சரக்கு வாகன் ஒன்று அச்சு உடைந்து நின்றது. நாலாவது நாளைக் கல் தின்றது. தூணின் தலையில் கர்டர் உட்காரும் கல்லைச் சீனக் கொத்தனார் அரை அங்குலம் தாழ்த்தி வைத்துவிட்டார். எடுத்துத் திரும்ப வைத்தார்கள். இந்த இரண்டுக்கும் நான் பொறுப்பில்லை. ஒளித்து வைப்பதே இதற்காகத்தான், இப்படிச் செலவாவதற்காகத்தான்.

ஐந்தாவதுதான். அந்த ஐந்தாவது நாளை நினைத்தால் இன்றும் எழுந்து நடக்கத் தோன்றுகிறது; உட்கார முடிவதில்லை.

தலைமை ஆபீஸிலிருந்து பெரிய துரை ஒருவர் வேலையைப் பார்க்க வந்தார். தாளின்முன் நின்று, எங்கள் துரையிடம் என்னவோ முணுமுணுத்தார். பாதை மூடுவதற்கு முன் இன்னும் ஒரு நாள் எங்காவது மிச்சப்படுமா என்று எங்கள் துரை என்னைக் கேட்டார். மிச்சப்படாது என்று சொல்லியிருக்கலாம். நான் பென்சிலை எடுத்து, ஐப்பசி இருபத்தைந்தில் போட்டிருந்த கரிநாளை அழித்துக் காட்டினேன். அதை ஆட்களிடம் பேசிச் சரிசெய்துகொள்கிறேன் என்றேன். பெரிய துரை என் பெயரைக் கேட்டார். அவ்வளவுதான். பெயரைக் கேட்டார், போகும்போது அதை மறந்தும் போனார். அவர் நின்று போன அரை நிமிஷத்துக்காக நான் அதைக் கொடுத்தேன்.

பாதை மூடும் நாள் ஐப்பசி இருபத்தாறுக்கு வந்தது. ஒரு நாள் முந்தியே முடிக்கப் போகிறோம் என்று ஆபீஸில் பேச்சு.

ஐப்பசி இருபத்து மூன்றாம் தேதி மழை பிடித்தது. மேற்கே வெளுத்தாற்போல் இருக்கும். திரும்பினால் கிழக்கே கறுத்து நிற்கும். சுங்கை பொங்கி வந்து சாரத்தை உருவிக்கொண்டு போயிற்று. ஏழு மாதத்து மரம் ஒரு காலைப் பொழுதில் போயிற்று. திரும்ப மரம் வாங்க, கட்ட, தண்ணீர் வடிய என்று நாட்களைத் தாளில் எண்ணி எண்ணி நகர்த்தினேன். சிவப்புக் கட்டம் மூன்றும் கார்த்திகை பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்றில் போய் நின்றன. அந்த ஐந்து நாளும் கையில் இருந்திருந்தால் ஆறு, ஏழு, எட்டு. இதை எத்தனை விதமாகக் கூட்டினாலும் விடை மாறுவதில்லை. கூட்டாமல் இருக்கவும் முடிவதில்லை.

கார்த்திகை ஒன்பதாம் தேதி கிள்ளானுக்குப் போனேன். மைத்துனர் வீடு பாசார்ச் சந்தைக்குப் பின்னால். அவரும் ரயில்வேதான், தண்டவாளம் பார்க்கிற வேலை. என் மனைவி கால்களை நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன. நான் விவரத்தைச் சொன்னேன். பதினொன்று முதல் மூன்று நாள் வண்டி இல்லை. பதினாலாம் தேதி காலை வண்டியில் நீ வரலாம்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். நாளும் கிழமையும் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"டாக்டரம்மா பன்னெண்டுக்குள்ள வரச் சொன்னாங்கல்ல?"

"ரெண்டு நாள்தான் தள்ளுது."

"நாளைக்குச் சாயங்கால வண்டி இருக்கில்ல? வீடு நாளைக்குக் காலையில காலியாகுது. நாளைக்கே வந்துடறேனே."

நாளை பத்து. கார்த்திகை பத்து கரிநாள். என் கற்பனையல்ல, பஞ்சாங்கத்தில் அச்சாகியிருந்த கரிநாள். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி புது வீட்டு வாசற்படியை மிதிப்பதற்கு அதைவிட மோசமான நாளை யாரும் தேடிப் பிடிக்க முடியாது. நான் அதைச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "கரிநாள்னு ரயிலுக்குத் தெரியுமா?"

ஐந்து கரிநாளை விளையாட்டாக எழுதி, விளையாட்டாக அழித்தவன் நான். எனக்குப் பயமே இருந்திருக்கக் கூடாது. ஆனால் பொய்யாக எழுதியதாலேயே மெய்யானதைக் கண்டு நடுங்கினேன். அதுவரை ஐந்து முறை அதை ஏமாற்றியாயிற்று, ஆறாவது முறை என் வீட்டுக் கதவைத்தான் தட்டும் என்று என்னவோ ஒரு நினைப்பு. மைத்துனர், மச்சான் சொல்றதும் சரிதானே, மூணு நாள்லா, பறந்துடும் என்றார். அவள் என்னையே பார்த்தாள்.

"மூணு நாள்னா மூணு நாள்தானா?"

"நான் போட்ட புரோகிராம். நாலாம் நாள் காலையில வண்டி வரும்."

"நீங்க போட்டதுன்னா சரி" என்றாள்.

இந்த மூன்று வார்த்தைகளைத்தான் நான் கேட்டிருக்கக் கூடாது.

பதினோராம் தேதி விடியற்காலை பாதையை மூடினோம். எல்லா எஞ்சின்களையும் வாகன்களையும் முந்தின நாளே கோலாலம்பூர்ப் பக்கம் கொண்டுவந்தாயிற்று. சாமான் எல்லாம் இந்தப் பக்கம், ஆகவே எஞ்சினும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஒன்று நின்றால் வீண் என்று எழுதியதும் என் தாள்தான். அன்று பழைய மரம் முழுவதும் எடுபட்டது. பன்னிரண்டாம் தேதி காலை முதல் கர்டர் உருளைகளின் மேல் மெல்ல நகர்ந்து, எதிர்த் தூணில் போய் உட்கார்ந்தது. ஆட்கள் ஒரே குரலில் இழுத்தார்கள். மண்டோர் கையைத் தூக்கும்போது நிறுத்தினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லாம் தாளில் இருந்தபடியே நடந்தது. நடக்கிறது என்ற பெருமையில் நான் நனைந்துகொண்டு நின்றேன்.

உச்சி வேளை தாண்டியிருக்கும். இரண்டாவது கர்டர் பாதி வழியில் இருந்தது. எதிர்க்கரையில் பாதை வளைந்து மறையும் இடத்திலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. தண்டவாளம் பார்க்கிறவர்கள் போவதற்கென்று வைத்திருக்கும் சின்ன வண்டி. நாலு பேர் பின்னால் ஓடித் தள்ளுவார்கள். அதன்மேல் ஒரு தார்ப்பாய். தார்ப்பாயை இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பக்கத்தில் ஓடிவந்தவர் என் மைத்துனர்.

கிள்ளானிலிருந்து மழையில் அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கிள்ளான் ரோடு சேறாகிக் கிடந்ததால் மாட்டு வண்டி வேண்டாம் என்று அவராக எடுத்த முடிவு. விடியற்காலையிலேயே வலி எடுத்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

நடுவே ஆறு. ஆற்றின்மேல் ஒற்றைக் கர்டர். பலகை இல்லை, ஓர் ஆள் கால் வைத்து நடக்க வழி இல்லை. அந்தக் கரையில் தார்ப்பாய். இந்தக் கரையில் நான். அவள் குரல் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்காததுதான் தாங்க முடியவில்லை.

மைத்துனர் கத்தியதிலிருந்தும், நான் நின்ற நிலையிலிருந்தும் துரைக்குப் புரிந்திருக்க வேண்டும். கர்டரைப் பாதியில் நிறுத்திக் கட்டச் சொன்னார். சாரத்துக்குக் கீழே ஆட்கள் நின்று வேலை செய்ய ஒரு மிதவை இருந்தது. அதைக் கயிறு கட்டி அக்கரைக்கு இழுக்கச் சொன்னார். மண்டோர் வேட்டியை இறுக்கிக்கொண்டு முதலில் இறங்கினார். சுழித்து ஓடும் தண்ணீரில் மிதவை இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை போய்ச் சேர்ந்தது. ஆட்கள் தங்கும் கொட்டகையின் கதவுப் பலகை ஒன்றில் அவளைக் கிடத்தி, எட்டுப் பேர் தண்ணீரில் மார்பளவு நின்று தோளில் வாங்கிக் கரையேற்றினார்கள். என்னை இறங்க விடவில்லை. "நீங்க நில்லுங்க ஐயா, நாங்க பாத்துக்கறோம்" என்று மண்டோர் என் மார்பில் கை வைத்துத் தள்ளினார்.

சாமான் ஏற்றிவந்த எஞ்சினில் ஒரு வாகனைக் கோத்து அவளைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் என் சட்டையைப் பிடித்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸைத் தாண்டும்போது கண்ணைத் திறந்து, "வீடு எது?" என்று கேட்டாள். நான் ஜன்னல் இல்லாத அந்த வாகனின் மரச்சுவரைக் காட்டினேன்.

குழந்தை பெண். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதற்கு நாடி இருந்தது என்று டாக்டரம்மா சொன்னார். வெளியே எடுத்தபோது இல்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, காலையில் கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு, உன் மனைவி பிழைத்துக்கொள்வாள், ஆனால் இனிமேல் பிள்ளை தரிக்காது, இதை இப்போது அவளிடம் சொல்லாதே, உடம்பு தேறட்டும் என்றார். அந்தச் சின்ன உடலை ஒரு துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். மைத்துனரும் நானும் மழையில் போய் அதை மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

பாலம் பதினாலாம் தேதி காலையில் திறக்கவில்லை. மத்தியானம்தான் திறந்தது. அடுத்த வாரம் நான் ஆபீஸுக்குப் போனபோது மேசைமேல் அறிக்கைத் தாள் காத்திருந்தது. வேலை எத்தனை மணி நேரம் தாமதம், என்ன காரணம் என்று நிரப்ப வேண்டும், நிரப்புவது நான். நேரத்தை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. துரை பக்கத்து அறையில் இருந்தார். அவர் எழுந்து வந்து பார்த்தார், தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் "மழை" என்று எழுதினேன். ரயில்வேயின் எந்த அலமாரியிலோ என் மகள் இன்றும் மழையாகக் கிடக்கிறாள்.

மூன்று வாரம் கழித்து என் மனைவியை அந்தக் குவாட்டர்ஸுக்கு அழைத்து வந்தேன். நல்ல நாள் பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு அறை, பின்னால் தண்டவாளம், வண்டி போகும்போது பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசும். அவள் ஒரு வாரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "நீங்க போட்ட அந்தத் தாளை எனக்குக் காட்டுங்க" என்றாள்.

வேலை முடிந்த தாளை யாரும் தேடுவதில்லை. மறுநாள் அதைச் சுருட்டிக் கொண்டுவந்தேன். தரையில் விரித்தேன், அந்த அறையின் நீளம் போதவில்லை, ஒரு முனை வாசற்படி வரை போயிற்று. அவள் மெல்ல உட்கார்ந்து, விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டாள்.

"இது என்ன?"

மரம் என்றேன்.

"இது?"

கல். அடுத்தது சாந்து இறுகுகிற நாள். அடுத்தது இரும்பு கப்பலில் வருகிற நாள்.

"சாந்து காயறதுக்கு ஒரு கோடா?" என்று வியந்தாள். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு பத்துக் கட்டத்தையும் எண்ணிப் பார்த்தாள். சரியாகப் பத்து. பிறகு சிவப்புக் கட்டங்களுக்கு வந்தாள். மழைக்குப் பிறகு நான் அழித்து அழித்து நகர்த்தியதில் அந்த இடத்தில் தாள் நைந்திருந்தது. கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

நீ இதில் இல்லை என்றேன்.

"நான் வர்ற நாளை எதுல எழுதி வச்சிருந்தீங்க?"

"எதுலயும் எழுதலை. மனசுல வச்சிருந்தேன்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். ஐந்து நாள் கதையையும் அன்றே சொன்னேன். தீபாவளிக்கு இரண்டு, வாகனுக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று, பெரிய துரை என் பெயரைக் கேட்டதற்கு ஒன்று. எதையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசி ஒன்றைக் கேட்டபோது மட்டும் தாளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே ஒரு சரக்கு வண்டி போயிற்று, வெகுநேரம் போயிற்று, வாகன்களை எண்ணுகிறாளோ என்று நினைத்தேன்.

வண்டி போன பிறகு, தாளின் ஓரத்தில், எல்லாக் கோடுகளுக்கும் கீழே எதுவும் எழுதாமல் விட்டிருந்த வெற்று வரிசையைத் தொட்டுக் காட்டினாள்.

"அடுத்த வாட்டி என்னையும் ஒரு கோடாப் போட்டுடுங்க."

டாக்டரம்மா சொன்னதை நான் அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தொடங்கினேன் என்றுதான் நினைவு, வாயைத் திறந்தேன், சரி என்ற சொல்தான் வந்தது.

"இப்பவே போட்டுக் காட்டுங்க. எப்படின்னு நான் பாக்கணும்."

சட்டைப் பையில் பென்சில் இருந்தது. குனிந்து, அந்த வெற்று வரிசையில் பென்சிலை ஊன்றினேன். எங்கிருந்து தொடங்கட்டும் என்று கேட்டேன். உடம்பு தேறி ஒரு வருஷம் போகட்டும் என்றாள். கட்டத்துக்கு ஒரு மாதம் என்று வைத்து ஒரு வருஷத்தை எண்ணிக் கழித்தேன். அங்கிருந்து அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கட்டமாக இழுத்தேன். ஏழாம் மாதத்தில் நிறுத்தச் சொல்லி, அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டேன், இங்கேயே இருக்கேன் என்றாள். அதையும் குறித்துக்கொண்டு, அவள் போதும் என்று சொல்லும் வரை இழுத்துக்கொண்டே போனேன்.